கடலுக்குள் கூப்பிட்டுப் பார்த்தவர்: எதிரொலியால் பனிப்பாறையைக் கண்டுபிடித்த ஃபெசென்டன் யார்?

ரேடியோவில் மனிதக் குரலை முதலில் அனுப்பியவர்களில் ஒருவர் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் ரெஜினால்ட் ஃபெசென்டன், வேலை பறிபோன பிறகு தண்ணீருக்குள் செய்த வேலையைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. டைட்டானிக் மூழ்கி 2 ஆண்டுகளில் அவர் நடத்திக் காட்டிய சோதனை என்ன? அது இன்று நமக்கு எப்படிப் பயன்படுகிறது?

நீச்சல் குளத்தில் பாட்டு கேட்பதற்கென்றே விற்கப்படும் ஹெட்போன்களை ஆன்லைனில் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பலவற்றுக்குள் பாட்டைச் சேமித்து வைக்கத் தனியாக மெமரி இருக்கும். புளூடூத் இருக்கும்போது மெமரி எதற்கு? காரணம் சிம்பிள். தலை தண்ணீருக்குள் போனதும் புளூடூத் அறுந்துவிடும். உங்கள் போன் குளத்துக் கரையில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் இதே கதைதான். அது பயன்படுத்தும் ரேடியோ அலையைத் தண்ணீர் சில சென்டிமீட்டருக்குள்ளேயே உறிஞ்சிவிடுகிறது. கடல்நீரில் உப்பு கரைந்திருப்பதால் நிலைமை இன்னும் மோசம்.

ஆனால் அதே தண்ணீரில் ஒலி ஜோராகப் போகும். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். கடல்நீரில் சுமார் 1,500 மீட்டர், அதாவது நான்கு மடங்குக்கும் மேல். போகும் தூரமும் அதிகம். அதனால்தான் இன்றும் கடலுக்கு அடியில் பேச வேண்டும், பார்க்க வேண்டும், அளக்க வேண்டும் என்றால் ஒலியைத்தான் நம்புகிறோம்.

இதை ஒரு கருவியாக்கி, நடுக்கடலுக்குக் கொண்டுபோய் வேலை செய்ய வைத்தவர்களில் முக்கியமானவர் ஃபெசென்டன்.

பட்டம் இல்லாத பேராசிரியர்

1866 அக்டோபர் 6-ம் தேதி, கனடாவின் கியூபெக் பகுதியில் ஈஸ்ட் போல்டன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஆங்கிலிக்கன் திருச்சபைப் பாதிரியார். 4 மகன்களில் இவர்தான் மூத்தவர். குடும்பத்தில் படிப்புக்குப் பஞ்சமில்லை, பணத்துக்குத்தான் பஞ்சம்.

கணக்கில் கெட்டி. பள்ளி மாணவனாக இருக்க வேண்டிய வயதிலேயே, கியூபெக்கில் ஒரு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தபடியே கல்லூரிப் பாடங்களையும் படித்தார். ஆனால் பட்டம் வாங்கும் முன்பே படிப்பை விட்டுவிட்டு, அட்லாண்டிக் கடலில் இருக்கும் பெர்முடா தீவுக்கு ஆசிரியர் வேலைக்குப் போனார். அங்கேதான் ஹெலன் டிராட் என்ற பெண்ணைச் சந்தித்தார். 1890-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது.

1886-ல் அவர் நியூயார்க் போனது ஒரே நோக்கத்தோடு. தாமஸ் எடிசனிடம் வேலைக்குச் சேர வேண்டும். மின்சாரம் பற்றித் தனக்கு எதுவும் தெரியாது, ஆனால் சீக்கிரம் கற்றுக்கொள்வேன் என்று அவர் எழுதி அனுப்பியதாகவும், எதுவும் தெரியாதவர்கள் இங்கே ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று பதில் வந்ததாகவும் ஒரு கதை உண்டு. கடைசியில் தெருவுக்கு அடியில் மின்கம்பி பதிக்கும் இடத்தில் உதவியாளர் வேலைதான் கிடைத்தது. கொஞ்ச நாளில் எடிசனின் ஆய்வகத்துக்கே மாற்றப்பட்டார். அங்கே வேதியியல் வேலைகளைக் கவனித்தார்.

1890-ல் எடிசனுக்குப் பணநெருக்கடி வந்தது. ஆட்குறைப்பில் ஃபெசென்டனும் வெளியேறினார். இன்றைய ஐடி நிறுவனங்களில் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஆனால் கற்றுக்கொண்ட வேலை கைவிடவில்லை. 1892-ல் பர்டியூ பல்கலைக்கழகத்திலும், அடுத்த ஆண்டே இன்று பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் என்று அழைக்கப்படும் கல்வி நிறுவனத்திலும் மின்பொறியியல் பேராசிரியர் ஆனார். கையில் ஒரு பட்டம்கூட இல்லாமல்!

தவில் அடியும் ஒத்து நாதமும்

ஃபெசென்டனின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிந்தால் போதும். அவர் ஒரே யோசனையை இரண்டு முறை பயன்படுத்தினார். முதல் முறை காற்றில், இரண்டாவது முறை கடலில்.

1890-களின் இறுதியில் மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அது மின்பொறியை வைத்து வேலை செய்தது. பொறி பறக்கும் ஒவ்வொரு முறையும் ஓர் அலை கிளம்பும், உடனே அடங்கிவிடும். தவிலில் விழும் அடி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். புள்ளி, கோடு என்று மோர்ஸ் குறியீட்டை அனுப்ப அது போதும். ஆனால் குரலை அனுப்ப முடியாது. ஏனென்றால் குரல் ஏறி உட்கார ஒரு தொடர்ச்சியான அலை வேண்டும்.

நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரைக் கவனித்திருக்கிறீர்களா? இடைவெளியே இல்லாமல் ஒரே சுருதி நீண்டுகொண்டே இருக்கும். ரேடியோவுக்குத் தேவை அந்த ஒத்து மாதிரி அறுபடாத அலைதான் என்பது ஃபெசென்டனின் பிடிவாதம். அப்போது பெரும்பாலான நிபுணர்கள் பொறிதான் ரேடியோவின் உயிர் என்று நினைத்தார்கள்.

1900-ல் அமெரிக்க வானிலைத் துறையில் சேர்ந்தார். புயல் எச்சரிக்கையைக் கடலோர நிலையங்களுக்கும் கப்பல்களுக்கும் கம்பியில்லாமல் அனுப்புவதுதான் வேலை. அந்த ஆண்டு டிசம்பர் 23-ம் தேதி, மேரிலாந்தில் பொடோமாக் ஆற்றிலுள்ள காப் தீவில், சுமார் 1.6 கிலோமீட்டர் தூரத்துக்குத் தன் குரலை அனுப்பினார். அந்தப் பக்கம் இருந்த உதவியாளரிடம் கேட்டது சாதாரணக் கேள்வி: அங்கே பனி பெய்கிறதா என்று. குரல் கரகரவென்று இருந்தது. ஆனால் புரிந்தது.

இரண்டே ஆண்டுகளில் அந்த வேலையும் போனது. காப்புரிமையில் மேலதிகாரி பங்கு கேட்டதாக ஃபெசென்டன் குற்றம்சாட்டினார். சண்டை பெரிதாகி வெளியேறினார்.

கிறிஸ்துமஸ் இரவில் உண்மையில் என்ன நடந்தது?

1902-ல் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த இரண்டு பணக்காரர்கள் முதலீடு போட, நேஷனல் எலெக்ட்ரிக் சிக்னலிங் கம்பெனி தொடங்கப்பட்டது. மாசசூசெட்ஸ் கடற்கரையில் பிராண்ட் ராக் என்ற இடத்தில் சுமார் 128 மீட்டர் உயரக் கோபுரம் எழுந்தது. ஸ்காட்லாந்தில் மக்ரிஹானிஷ் என்ற ஊரில் இன்னொன்று. 1906 ஜனவரியில் இரண்டுக்கும் இடையே, அட்லாண்டிக் கடலைத் தாண்டி, இரு பக்கமும் தந்தி பரிமாறப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அடித்த புயலில் ஸ்காட்லாந்துக் கோபுரம் சரிந்து விழுந்தது. அத்துடன் அந்தத் திட்டமும் விழுந்தது.

அதே டிசம்பர் 21-ம் தேதி பிராண்ட் ராக்கில் அவர் ரேடியோவில் குரல் அனுப்பிக் காட்டியதற்குப் பதிவு இருக்கிறது. ஆனால் நீங்கள் இணையத்தில் தேடினால் முதலில் வருவது 3 நாள் கழித்து நடந்ததாகச் சொல்லப்படும் கிறிஸ்துமஸ் ஒலிபரப்புதான். கடலில் இருந்த கப்பல்களுக்காக அவர் வயலின் வாசித்தார், பைபிள் வாசித்தார், உலகின் முதல் வானொலி நிகழ்ச்சி அதுவே என்று எழுதியிருப்பார்கள்.

இந்தத் தகவலின் மூலம் எது என்று தேடிப்போனால், அது 1932-ல் அவரே எழுதிய ஒரு கடிதத்தில் போய் நிற்கிறது. அதாவது சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் நாளிலிருந்து 25 ஆண்டுகள் கழித்து. அதைக் கேட்டதாக அந்தக் காலத்துக் கப்பல் குறிப்பேடு எதுவும் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் இன்றும் வரலாற்றாசிரியர்களிடையே சர்ச்சை ஓய்ந்தபாடில்லை.

இதில் ஒரு முரண் இருக்கிறது. ஆதாரம் பலவீனமான கிறிஸ்துமஸ் கதை எல்லோருக்கும் தெரியும். கப்பல் தலைவரே அறிக்கை எழுதிவைத்த பனிப்பாறைச் சோதனை பலருக்குத் தெரியாது.

சொந்த நிறுவனமே வெளியே அனுப்பியது

ஃபெசென்டன் முன்கோபக்காரர். முதலீட்டாளர்களோடு ஒத்துப்போகத் தெரியாதவர். கண்டுபிடிப்புகள் குவிந்தன, வருமானம் வரவில்லை. நிறுவனத்தின் பிடி யாருடைய கையில் என்ற தகராறு முற்றி, 1911 ஜனவரியில் அவர் நீக்கப்பட்டார். வழக்குப் போட்டார். 1912-ல் 4 லட்சம் டாலருக்கும் மேல் இழப்பீடு தரச் சொல்லித் தீர்ப்பும் வந்தது. ஆனால் நிறுவனம் திவால் நடைமுறைக்குள் போய்விட்டது. தீர்ப்பு தாளில் இருந்தது, பணம் கைக்கு வரவில்லை. அவருடைய ரேடியோ காப்புரிமைகளும் நிறுவனத்திடமே இருந்தன.

வயது 45. இருபது ஆண்டு உழைப்பு வேறொருவர் பெட்டிக்குள் பூட்டப்பட்டுவிட்டது. அந்த நிலையில்தான் 1912-ல், பாஸ்டனில் இருந்த சப்மரீன் சிக்னல் கம்பெனிக்கு ஆலோசகராகப் போனார்.

மணியை அடித்தால் கப்பலுக்குக் கேட்குமா?

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். தண்ணீரில் ஒலி வேகமாகப் போகும் என்பது அப்போதே பழைய செய்தி. 1826-ல் ஜெனீவா ஏரியில் டேனியல் கொலாடோன் என்ற இளைஞர் அதை அளந்திருந்தார். ஒரு படகில் நீருக்குள் மணியை அடிக்கும்போதே வெடிமருந்தையும் பற்ற வைத்தார்கள். 13 கிலோமீட்டருக்கு அப்பால் இன்னொரு படகில் இருந்தவர் வெளிச்சத்தைப் பார்த்ததும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, தண்ணீருக்குள் விட்ட குழாய் வழியாக மணியோசை வரும்வரை காத்திருந்தார். கிடைத்த விடை நொடிக்குச் சுமார் 1,435 மீட்டர். இன்றைய அளவுக்கு மிக நெருக்கமான எண் அது.

சப்மரீன் சிக்னல் கம்பெனி இதைத் தொழிலாக்கியிருந்தது. ஆபத்தான இடங்களில் நிறுத்தப்பட்ட வெளிச்சக் கப்பல்களில், தண்ணீருக்குள் மணி தொங்கும். மூடுபனியில் விளக்கு தெரியாது, காற்றில் ஊதும் சங்கு எந்தப் பக்கம் கேட்கும் என்றே சொல்ல முடியாது. ஆனால் நீருக்குள் அடிக்கும் மணி பல மைலுக்குக் கேட்கும். கப்பலின் உள்பக்கச் சுவரில் பொருத்திய மைக்ரோபோன் அதைப் பிடித்து, மேலே இருக்கும் அதிகாரியின் காதுக்குக் கொண்டுவரும்.

ஏன் மேல்தளத்தில் நின்றபடி கேட்க முடியாது? இதற்குக் காரணம் கடலின் மேற்பரப்பு. தண்ணீரும் காற்றும் அடர்த்தியில் அவ்வளவு வேறுபட்டவை என்பதால், நீருக்குள்ளிருந்து மேலே வரும் ஒலியாற்றலில் 99.9 சதவீதம் மேற்பரப்பில் மோதிக் கீழேயே திரும்பிவிடும். மேலிருந்து கீழே போகும் ஒலிக்கும் அதே கதிதான். அதனால் பேசுவதாக இருந்தாலும் கேட்பதாக இருந்தாலும் கருவி தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

மணியில் என்ன குறை? அடித்தால் ஒலிக்கும், அடங்கும். வேகமாகத் தந்தி அனுப்ப முடியாது. ஒலியின் அளவைக் கூட்டவும் வழியில்லை. நிறுவனத்தின் பொறியாளர்கள் கேட்கும் கருவியை மேம்படுத்தப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். ஃபெசென்டன் பார்த்ததும் சொன்னது, காதில் குறையில்லை, வாயை மாற்றுங்கள் என்பதுதான்.

யோசித்துப் பாருங்கள். மார்க்கோனியின் பொறிக்கும் இந்த மணிக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் தவில் அடி. காற்றில் செய்ததையே அவர் கடலிலும் செய்தார். அடியை எடுத்துவிட்டு ஒத்தைக் கொண்டுவந்தார்.

ஃபெசென்டன் ஆசிலேட்டர் எப்படி வேலை செய்தது?

உங்கள் வீட்டு ஸ்பீக்கரின் முரட்டு அண்ணன் என்று சொல்லலாம்.

ஸ்பீக்கரில் மெல்லிய காகிதக் கூம்பு காற்றைத் தள்ளுகிறது. காற்று லேசானது, தள்ளுவது சுலபம். தண்ணீரை அப்படித் தள்ள முடியாது. அசைவு கொஞ்சமாக இருந்தாலும் விசை மிக அதிகமாக இருக்க வேண்டும். அதற்கு அவர் செய்த ஏற்பாடு இது:

• சக்திவாய்ந்த மின்காந்தம் ஒன்று, அதன் காந்தப்புலத்துக்குள் ஒரு தாமிரக் குழாய்.

• பக்கத்துக் கம்பிச்சுருளில் மாறுதிசை மின்சாரம் பாயும்போது, குழாயிலும் மின்சாரம் தூண்டப்படும். காந்தம் அந்தக் குழாயை முன்னும் பின்னும் இழுக்கும்.

• குழாய் ஒரு தடித்த எஃகுத் தகட்டோடு இணைக்கப்பட்டிருக்கும். தகட்டின் மறுபக்கம் கடல்.

• தகடு நொடிக்கு 540 முறை அதிரும். தந்திச் சாவியை அழுத்தும்வரை அந்த ஒலி அறுபடாமல் நீளும்.

இதில் இன்னொரு வசதி இருந்தது. வெளியிலிருந்து ஒலி வந்து தகட்டில் மோதினால் குழாய் அசையும், சுருளில் மின்சாரம் பிறக்கும், அது ஹெட்போனில் கேட்கும். ஆக, ஒரே கருவிதான் வாயும் காதும். கூப்பிட்டு முடித்த உடனே சுவிட்சை மாற்றிக் காதைத் தீட்டிக்கொள்ளலாம். எதிரொலியைப் பிடிக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

மணியால் செய்ய முடியாத வேகத்தில் இது மோர்ஸ் தந்தியை மைல் கணக்கில் அனுப்பியது. தந்திச் சாவிக்குப் பதிலாக மைக்ரோபோனை இணைத்துக் குரலையும் அனுப்பிப் பார்த்தார்கள். சில நூறு மீட்டர் தூரத்துக்குப் பேச்சு புரிந்தது.

1914 ஏப்ரல் 27: பனிப்பாறை பதில் சொன்ன நாள்

1912 ஏப்ரல் 14-ம் தேதி நள்ளிரவை ஒட்டி டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. சுமார் 1,500 பேர் இறந்தார்கள். அதன் பிறகு, பனிப்பாறையை முன்கூட்டியே கண்டுபிடிக்க எதிரொலியைப் பயன்படுத்தலாம் என்று பல நாடுகளில் பலருக்கும் தோன்றியது. பிரிட்டனில் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் ஒரு மாதத்துக்குள்ளேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஜெர்மனியில் அலெக்சாண்டர் பேம் இதில் இறங்கினார். ஆகவே, யோசனை ஃபெசென்டன் ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை. ஆனால் வேலை செய்யக்கூடிய ஒரு ‘வாய்’ அவரிடம்தான் தயாராக இருந்தது.

அமெரிக்க அரசின் மயாமி என்ற ரோந்துக் கப்பல், நியூஃபவுண்ட்லாந்துக்கு அருகே கிராண்ட் பேங்க்ஸ் பகுதியில் பனிப்பாறைகளைக் கண்காணித்துக்கொண்டிருந்தது. ஃபெசென்டனும் நிறுவனத்தின் பொறியாளர்களும் ஆசிலேட்டரோடு அதில் ஏறினார்கள். 1914 ஏப்ரல் 27-ம் தேதி ஒரு பெரிய பனிப்பாறைக்கு அருகே கப்பல் நிறுத்தப்பட்டது. அதன் நீளம் சுமார் 140 மீட்டர், உயரம் சுமார் 40 மீட்டர் என்று கப்பல் தலைவரின் அறிக்கை பதிவு செய்கிறது. ஆசிலேட்டரைக் கடலுக்குள் இறக்கினார்கள். ஒலியை அனுப்பிவிட்டு, நிறுத்துக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

எதிரொலி வந்தது. கப்பலை நகர்த்தித் தூரத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். 3 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போனபோதும் பனிப்பாறை பதில் சொன்னது. கணக்கு நீங்களே போட்டுப் பார்க்கலாம். 3 கிலோமீட்டர் போய், 3 கிலோமீட்டர் திரும்பி வர மொத்தம் 6,000 மீட்டர். நொடிக்கு 1,500 மீட்டர் என்றால் 4 நொடி. பாறை அருகில் இருந்தால் நேரம் குறையும், அவ்வளவுதான்.

எதிர்பார்த்த எதிரொலியோடு கூடவே இன்னொன்றும் வந்தது. அது கடலின் தரையில் பட்டுத் திரும்பிய ஒலி. ஒரே சோதனையில் இரண்டு கருவிகளுக்கு விதை விழுந்தது. ஒன்று பக்கவாட்டில் இருப்பதைக் கண்டுபிடிக்க, மற்றொன்று ஆழத்தை அளக்க.

இது இருந்திருந்தால் டைட்டானிக் தப்பியிருக்குமா?

கேட்கத் தோன்றும் கேள்விதான். முதலில் எண்களைப் பார்ப்போம். டைட்டானிக் மோதும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 41 கிலோமீட்டர், நொடிக்கு 11 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். காவலுக்கு நின்றவர்கள் பாறையைப் பார்த்ததற்கும் மோதலுக்கும் இடையே ஒரு நிமிடம் அளவுக்குத்தான் இருந்தது என்று மதிப்பிடுகிறார்கள். 3 கிலோமீட்டருக்கு முன்பே தெரிந்திருந்தால் கிட்டத்தட்ட 4.5 நிமிடம் கிடைத்திருக்கும். கப்பலைத் திருப்ப அது தாராளம்.

ஆனால் இதில் மூன்று ‘ஆனால்’ இருக்கிறது.

ஒன்று, மயாமி நின்றுகொண்டு கேட்டது. முழு வேகத்தில் போகும் கப்பலில் சொந்த இயந்திரச் சத்தமே எதிரொலியை மூழ்கடிக்கும். இரண்டு, நொடிக்கு 540 அதிர்வு என்றால் தண்ணீரில் அலைநீளம் கிட்டத்தட்ட 2.8 மீட்டர். அவ்வளவு நீளமான அலையை டார்ச் வெளிச்சம் மாதிரி ஒரு பக்கமாகக் குவிக்க முடியாது. பாறை எவ்வளவு தூரத்தில் என்று தெரியும், எந்தத் திசையில் என்று தெரியாது. மூன்றாவது ‘ஆனால்’ மனிதர்கள் சம்பந்தப்பட்டது. அன்றைக்குப் பகலிலேயே பனிக்கட்டி பற்றிய எச்சரிக்கைகள் ரேடியோவில் டைட்டானிக்குக் கிடைத்திருந்தன. கப்பல் வேகத்தைக் குறைக்கவில்லை. எச்சரிக்கை வந்தால் மட்டும் போதாது, கேட்டு நடக்கவும் ஆள் வேண்டும்.

போரும், பிரெஞ்சுக்காரரும்

சோதனை நடந்து சில மாதங்களில் முதல் உலகப்போர் தொடங்கியது. பனிப்பாறை மறக்கப்பட்டது, நீர்மூழ்கிகள் முக்கியமாயின. பிரிட்டன், அமெரிக்கா இரண்டும் தங்கள் நீர்மூழ்கிக் கப்பல்களில் ஃபெசென்டன் ஆசிலேட்டரைப் பொருத்தின. தண்ணீருக்குள் இருந்தபடியே ஒன்றோடொன்று தந்தியில் பேசிக்கொள்ள முடிந்தது. பாதுகாப்புக்கு அது பெரிய விஷயம். சொந்தக் கப்பலே தெரியாமல் மோதிவிடும் ஆபத்து அப்போது சாதாரணமாக இருந்தது.

ஆனால் எதிரியின் நீர்மூழ்கியைத் தேடிப் பிடிக்க அந்த 2.8 மீட்டர் அலை உதவவில்லை. அதற்கு வழி கண்டவர் பிரான்ஸின் பால் லாஞ்ஜ்வான். குவார்ட்ஸ் படிகத்தை அதிரவைத்து, மனிதக் காதுக்கு எட்டாத மீயொலியை அவர் உருவாக்கினார். அலைநீளம் சில சென்டிமீட்டராகச் சுருங்கியதால் ஒலியைக் கற்றையாகக் குவிக்க முடிந்தது. இன்றைய சோனாரின் நேரடி முன்னோர் அதுதான். குறைந்த அதிர்வெண் வெகுதூரம் போகும், ஆனால் மங்கலாகத்தான் காட்டும். அதிக அதிர்வெண் தெளிவாகக் காட்டும், ஆனால் தூரம் போகாது. இந்த இழுபறி இன்றுவரை தீரவில்லை.

ஃபெசென்டனின் கருவி வென்றது ஆழம் அளப்பதில். அதுவரை கயிற்றில் எடை கட்டி இறக்கித்தான் ஆழம் பார்த்தார்கள். நடுக்கடலில் ஒரே ஒரு அளவுக்கு மணிக்கணக்கில் ஆகும். 1872 முதல் 1876 வரை உலகம் சுற்றிய சேலஞ்சர் ஆய்வுக்கப்பல் எடுத்த ஆழ்கடல் அளவுகள் சுமார் 500. 1925 முதல் 1927 வரை தெற்கு அட்லாண்டிக்கில் எதிரொலியை வைத்து அளந்த ஜெர்மனியின் மீட்டியோர் கப்பல் எடுத்தவை 67,000-க்கும் மேல். கடலடியில் மலைத்தொடர்கள் இருக்கின்றன என்ற படம் தெளிவானது இப்படித்தான். சப்மரீன் சிக்னல் கம்பெனி ஃபாத்தோமீட்டர் என்ற பெயரில் ஆழமானியை விற்கத் தொடங்கியது. கப்பல்கள் ஓடிக்கொண்டே ஆழம் பார்த்தன.

தாமதமாக வந்த கணக்கு

பழைய நிறுவனத்திடம் இருந்த ரேடியோ காப்புரிமைகள் கைமாறிக் கைமாறி, 1921-ல் ஆர்சிஏ என்ற பெரிய நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தன. அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு ரேடியோ வந்துகொண்டிருந்த காலம் அது. ஃபெசென்டன் வழக்குத் தொடுத்தார். 1928 மார்ச்சில் 5 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. அதில் 2 லட்சம் வழக்குச் செலவுக்கே போனது. மொத்தத் தொகையில் 40 சதவீதம்!

1921-ல் ரேடியோ பொறியாளர்கள் கழகம் அவருக்குப் பதக்கம் கொடுத்தது. 1929-ல் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழ், கடல் பாதுகாப்புக்கான தங்கப்பதக்கத்தை வழங்கியது. அது ரேடியோவுக்காகக் கொடுத்தது இல்லை, தண்ணீருக்குள் அவர் செய்த வேலைக்காக. அவர் பெயரில் நூற்றுக்கணக்கான காப்புரிமைகள் இருந்தன. எதிரொலியை வைத்துப் பூமிக்கு அடியில் இருக்கும் கனிமங்களைத் தேடும் முறைக்கு 1917-லேயே காப்புரிமை பெற்றிருந்தார். எண்ணெய் நிறுவனங்கள் அந்த வழியில் பின்னால் வெகுதூரம் போயின.

கடைசிக் காலத்தில், இளம் ஆசிரியராக வந்து இறங்கிய அதே பெர்முடாவுக்கு மனைவியோடு திரும்பினார். 1932 ஜூலை 22-ம் தேதி, 65-வது வயதில் அங்கேயே இறந்தார். 1940-ல் ஹெலன் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார்.

ஒரு பார்வையில்

• 1866: கியூபெக்கில் பிறப்பு

• 1890: எடிசன் நிறுவனத்தில் வேலையிழப்பு

• 1900: ரேடியோவில் 1.6 கிலோமீட்டருக்குக் குரல்

• 1911: சொந்த நிறுவனத்திலிருந்து நீக்கம்

• 1912: நீரடி ஒலி ஆய்வில் நுழைவு

• 1914: பனிப்பாறையிலிருந்து எதிரொலி

• 1928: ஆர்சிஏ-வுடன் சமரசம்

• 1932: பெர்முடாவில் மறைவு

சரி, இன்று இதனால் நமக்கு என்ன?

திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் இந்தியக் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் இருக்கிறது. 1990-ல் தொடங்கப்பட்டது. நீர்மூழ்கிகளுக்கு ரேடியோவில் செய்தி அனுப்புவதுதான் அதன் பணி. மிகக் குறைந்த அதிர்வெண்ணில் கிளம்பும் அந்த அலைகள் பூமியின் மேற்பரப்பை ஒட்டியே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். ஆனால் கடலுக்குள் சில பத்து மீட்டர்வரைதான் இறங்கும். அதுவும் ஒருவழிப் பாதை. அவ்வளவு பெரிய ஆன்டெனா நீர்மூழ்கியில் இருக்க முடியாது என்பதால், அது அதே வழியில் பதில் சொல்ல முடியாது. ரேடியோ அலை எங்கே கைவிரிக்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் இல்லை. அதற்குக் கீழே ஒலிதான் ராஜா.

2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமி வந்தபோது இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கை அமைப்பு எதுவும் இல்லை. 2007-ல் ஹைதராபாத்தில் இந்தியச் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. அதற்காக ஆழ்கடலின் தரையில் அழுத்தமானிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. சுனாமி அலை மேலே கடக்கும்போது அழுத்தத்தில் ஏற்படும் சிறு மாற்றத்தை அவை உணரும். அந்தத் தகவலைத் தரையிலிருந்து மேற்பரப்பில் மிதக்கும் மிதவைக்கு அனுப்புவது ரேடியோ இல்லை, ஒலி. மிதவையிலிருந்து செயற்கைக்கோளுக்குப் போகும்போதுதான் ரேடியோ வேலையை எடுத்துக்கொள்கிறது. சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் இந்த மிதவைகளில் நீண்டகாலமாக வேலை செய்து வருகிறது.

வேகத்தில் இது 5ஜி பக்கத்தில்கூட வராது. நொடிக்கு 10 கிலோபிட் அனுப்பும் நீரடி மோடம் என்று வைத்துக்கொண்டால், வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பும் 100 கிலோபைட் படம் ஒன்று போய்ச் சேர 80 நொடி ஆகும். 3 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து முதல் சமிக்ஞை மேலே வரவே 2 நொடி. ஆனால் சுனாமி எச்சரிக்கைக்குப் படம் தேவையில்லை. சில எண்கள் சரியான நேரத்தில் மேலே வந்தால் போதும்.

அந்த எண்கள் வரும் வழி, 1914-ல் மயாமி கப்பலிலிருந்து கடலுக்குள் போன அதே வழிதான். அடுத்த முறை நிலநடுக்கச் செய்தியின் கீழே சுனாமி அபாயம் இல்லை என்று ஒரு வரி பார்த்தால், அதைச் சொல்வதற்குக் கடலின் அடியிலிருந்து யாரோ குரல் கொடுக்கவும், மேலே யாரோ காதைத் தீட்டிக் கேட்கவும் வேண்டியிருந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.